காரின் மைலேஜும் பெட்ரோல் முள்ளும்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் குடியிருப்பில் வசிப்பவர்களும், ஓசூரிலிருந்து நாள்தோறும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்து போகும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்லன். ஆனால் பதினோரு ஆண்டுகளாக, பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கீழே வரும் கணக்குகளில் என் கார் என்று குறிப்பிட்டவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

முள் பாதியைக் காட்டினால் டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கிறது என்று கொள்ளலாமா?

பெரும்பாலான கார்களில் அப்படிக் கொள்ள முடியாது. டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கிறது. பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க மிதவையும் இறங்குகிறது. கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகர்கிறது. அந்தத் தடையின் அளவைத்தான் முள் காட்டுகிறது. ஆகவே முள் சொல்வது மிதவையின் உயரத்தை, லிட்டரை அன்று. பின் இருக்கைக்கு அடியில் கிடைத்த இடத்தில் டேங்கைப் பொருத்த வேண்டியிருப்பதால், அது எங்கும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. அகலமான பகுதியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் செலவாகும் பெட்ரோலும், குறுகலான பகுதியில் அதே ஒரு சென்டிமீட்டருக்குச் செலவாகும் பெட்ரோலும் வேறு வேறு.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. டேங்க் நிரம்பி வழியும் அளவுக்கு முன்பே மிதவை தன் மேல் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள சில லிட்டர் தீரும்வரை முள் அசைவதே இல்லை. டேங்க் நிரப்பிய பிறகு முதல் நூறு கிலோமீட்டருக்கு முள் அப்படியே நிற்பதும், பாதியைத் தாண்டியதும் விறுவிறுவென இறங்குவதும் இதனால்தான்.

என் காரின் டேங்க் 42 லிட்டர். நிரப்பியபின் முள் முக்காலுக்கு வரும்போது 13 லிட்டர் செலவாகியிருக்கும். பாதிக்கு வரும்போது 22. காலுக்கு வரும்போது 30. மஞ்சள் விளக்கு எரியும்போது 35. முதல் கால் பகுதிக்கு 13 லிட்டர், இரண்டாவதுக்கு 9, மூன்றாவதுக்கு 8 என்று வைத்துக்கொண்டால், முள் இறங்கும் வேகத்தைப் பார்த்து மைலேஜைக் கணிப்பவர் எவ்வளவு தவறிப் போவார் என்பது விளங்கும். மேல்பாதியில் ஓடிய தூரத்தை இரட்டித்து, ஒரு டேங்குக்கு இவ்வளவு என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு கீழ்பாதி விரைவாகத் தீர்ந்ததும் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது என்று அஞ்சுவார்கள்.

உங்கள் காருக்கும் இப்படி ஓர் அட்டவணை தயாரிப்பது எளிது. முள் முக்காலில் இருக்கும்போது ஒருமுறை, பாதியில் ஒருமுறை, காலில் ஒருமுறை என வெவ்வேறு மாதங்களில் டேங்கை நிரப்பி, ஒவ்வொரு முறையும் எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொண்டாலே போதும்.

அடித்தளத்தில் சரிவில் நிறுத்தினால் முள் மாறுகிறதே, அது பழுதா?

பழுதில்லை. சரிவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் மிதவை இருக்கும் இடத்தில் மட்டம் கூடலாம் அல்லது குறையலாம். வளைவிலும் பள்ளத்திலும் முள் துள்ளாமல் இருப்பதற்காக அதன் அசைவை வேண்டுமென்றே மெதுவாக்கியிருப்பதால், சமதளத்துக்கு வந்த பிறகும் சரியான இடத்துக்குத் திரும்பச் சில நிமிடங்கள் ஆகலாம்.

அப்படியானால் முள் உண்மையிலேயே பழுதாகிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

அளவு தவறாகக் காட்டுவது வேறு. ஒழுங்கில்லாமல் காட்டுவது வேறு. ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கும்போது 22 லிட்டர் பிடித்தால், அந்த முள் தவறாகக் காட்டினாலும் நம்பத்தக்கது. ஒருமுறை 22, அடுத்த முறை 31 என்று பிடித்தால் அது பழுது. சமதளத்தில் ஓடும்போது முள் திடீரென விழுந்து மறுபடி எழுவது, நிரப்பிய பிறகும் மேலே வராமல் இருப்பது, எந்நேரமும் நிறைந்தே காட்டுவது ஆகியவையும் பழுதின் அடையாளங்கள்தாம். மின்தடைப் பட்டை தேய்ந்திருக்கலாம், தொடுமுனையில் கறை படிந்திருக்கலாம், மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து அது கனத்திருக்கலாம், வயர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். சில கார்களில் மிதவைப் பகுதியை மட்டும் மாற்றலாம். சிலவற்றில் பெட்ரோல் பம்புடன் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு ஒருமுறை இந்தச் சிக்கல் வந்தபோது, சர்வீஸ் செய்த இடத்தில் மீட்டர் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். ஆறு முறை நிரப்பிய கணக்கைக் காட்டிய பிறகுதான் டேங்கைத் திறந்து பார்த்தார்கள். குற்றம் மிதவையில் இருந்தது. கையில் கணக்கு இருந்திராவிட்டால் தேவையில்லாத செலவை ஏற்றுக்கொண்டிருப்பேன்.

மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

விளக்கு எரியும்போது பல கார்களில் 5 முதல் 8 லிட்டர்வரை மிச்சமிருக்கும். உங்கள் காருக்குரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். ஆனால் அந்த அளவை வைத்துத் தூரத்தைச் சோதிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இப்போதைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே அமர்ந்து, சுற்றியுள்ள பெட்ரோலால்தான் குளிர்ச்சி பெறுகிறது. அடிக்கடி வற்ற விட்டால் அதன் ஆயுள் குறையும்.

மைலேஜை எப்படிச் சரியாக அளப்பது?

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்புவதுதான் சாதாரண மனிதருக்குக் கைகூடும் ஒரே சரியான முறை. முதல்நாள் பங்கில் நாசில் தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த முறை, முடிந்தவரை அதே பங்கில் அதே இடத்தில் காரை அதே திசையில் நிறுத்தி, மறுபடி ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள். இரண்டாம் முறை பிடித்த லிட்டர்தான் இடைப்பட்ட தூரத்துக்குச் செலவானது. அந்த லிட்டரால் தூரத்தை வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். கட் ஆன பிறகு, ரூபாய் ரவுண்டாக வரட்டும் என்று ஊழியர் மேலும் ஊற்ற விடாதீர்கள். அது கணக்கைக் கெடுப்பதோடு, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவம் புகவும் காரணமாகலாம்.

இந்த முறையிலும் ஒரு பலவீனம் உண்டு. ஆட்டோ கட் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஊற்றும் வேகம், நாசிலின் கோணம், நுரை ஆகியவற்றைப் பொறுத்து ஒரு லிட்டர்வரை முன்பின்னாகலாம். 10 லிட்டர் மட்டும் செலவழித்துவிட்டு அளந்தால் அந்த ஒரு லிட்டர் பத்து சதவீதப் பிழையாகிவிடும். இதற்கு மாற்று, பல முறை நிரப்பியதைச் சேர்த்துக் கணக்கிடுவதுதான். என் நோட்டின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். 42,310 கிலோமீட்டரில் டேங்கை நிரப்பினேன். 42,702-இல் 28.4 லிட்டர் பிடித்தது, 43,118-இல் 27.1 லிட்டர், 43,493-இல் 29.2 லிட்டர். தனித்தனியாக வகுத்தால் 13.8, 15.4, 12.8 என்று வருகிறது. இதைப் பார்ப்பவர், காருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எண்ணக்கூடும். மொத்தமாக 1,183 கிலோமீட்டரை 84.7 லிட்டரால் வகுத்தால் 14.0. முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் ஏற்படும் பிழை மட்டுமே மொத்தக் கணக்கைத் தொடும்; நடுவில் ஏற்பட்ட பிழைகள் ஒன்றையொன்று சரிசெய்துவிடும். ஆகவே ஒரே ஒரு நிரப்பலை வைத்து மைலேஜ் கூடியது, குறைந்தது என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம்.

தனித்தனி மைலேஜ்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் தவறு. 100 கிலோமீட்டர் நகரத்தில் 10 வீதமும், 100 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் 20 வீதமும் ஓடினால் சராசரி 15 ஆகாது. செலவு 10 லிட்டரும் 5 லிட்டரும். 200-ஐ 15-ஆல் வகுத்தால் 13.3 தான்.

நான் எப்போதும் 500 ரூபாய்க்குத்தான் போடுவேன். எனக்கு இந்தக் கணக்கு உதவுமா?

உதவும். நடுவில் எத்தனை முறை 500 ரூபாய்க்குப் போட்டாலும், ஒவ்வொரு பில்லிலும் உள்ள லிட்டரைக் கூட்டிக்கொண்டு, தொடக்கத்தில் ஒருமுறையும் மாதக் கடைசியில் ஒருமுறையும் டேங்கை நிரப்பினால் போதும். தருமபுரியிலிருந்து வந்து இங்கே வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர், ஒவ்வொரு பில்லின் பின்புறத்திலும் கிலோமீட்டரை எழுதிச் சன்வைசரில் செருகி வைக்கிறார். அதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது.

மீட்டர் திரையிலேயே சராசரி மைலேஜ் வருகிறதே, அது போதாதா?

திரையில் வரும் எண், நீங்கள் டேங்கில் ஊற்றியதை அறியாது. எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதைக் கொண்டு, கணினி செலவை மதிப்பிடுகிறது. இந்த மதிப்பீடு பல கார்களில் உண்மையைவிடச் சற்றுத் தாராளமாகவே இருக்கிறது. என் காரில் திரை 15.1 என்று காட்டிய காலத்தில் நோட்டுக் கணக்கு 14.0, வித்தியாசம் ஏறக்குறைய எட்டு சதவீதம். இந்தப் பிழை பெரும்பாலும் மாறாமல் இருப்பதால், ஒருமுறை ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டால், பிறகு திரை எண்ணை அந்த அளவு குறைத்து வாசிக்கலாம். ஒரே சாலையில் நேற்றைய ஓட்டத்தையும் இன்றைய ஓட்டத்தையும் ஒப்பிடத் திரை மிகவும் பயன்படும்.

இன்னும் இவ்வளவு கிலோமீட்டர் ஓடும் என்று வரும் எண், மிச்சப் பெட்ரோலை அண்மைய மைலேஜால் பெருக்கி வருவது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழைந்து ஹெப்பால் மேம்பாலத்தில் சிக்கிக்கொண்டால், நீங்கள் ஓடிய தூரத்தைவிட வேகமாக அந்த எண் குறையும். அதில் வியப்பில்லை.

ஓடோமீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா?

வேகமானியையும் ஓடோமீட்டரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி என்பதால், நிறுவனங்கள் அதைச் சற்றுக் கூட்டியே அமைக்கின்றன. ஓடோமீட்டர் அப்படிக் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அது சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும் பூ, அதாவது வரிப்பள்ளத்தின் ஆழம், தேய்ந்து மாற்ற வேண்டிய நிலையில் 1.6 மில்லிமீட்டராகிவிடும். சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், இதனால் மட்டுமே இரண்டு சதவீதம்வரை தூரம் கூடுதலாகப் பதிவாகும். டயர் மாற்றியதும் மைலேஜ் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓசூர்ச் சாலையில் தேசிய நெடுஞ்சாலையின் மஞ்சள் தலைக் கற்களை எண்ணிக்கொண்டு 20 கிலோமீட்டர் ஓட்டியோ, கைபேசியின் ஜி.பி.எஸ். தூரத்துடன் ஒப்பிட்டோ இதைச் சரிபார்க்கலாம்.

விளம்பரத்தில் 20 என்றார்கள். எனக்கு 12 தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அந்த எண் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில் கிடைப்பது. காரைச் சாலையில் ஓட்டாமல் உருளைகளின்மேல் ஏற்றி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி 20 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக ஓட்டுகிறார்கள். உச்சவேகம் 90 கிலோமீட்டர். ஏ.சி. போடுவதில்லை. புகைபோக்கியில் வெளிவரும் வாயுக்களில் உள்ள கார்பனின் அளவிலிருந்து எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது நேர்மையான அளவுகோல். உங்கள் வீட்டிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு என்ன வரும் என்பதை இது சொல்வதில்லை, சொல்லவும் இயலாது.

பெங்களூர் நெரிசல் மட்டுமே இவ்வளவு குறைக்குமா?

குறைக்கும், எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிற்காமல் போனால் உங்கள் கார் 15 கொடுக்கும் என்றால், செலவு 0.67 லிட்டர். வழியில் மொத்தம் அரை மணி நேரம் எஞ்சின் ஓடியபடி நின்றிருந்தால், ஏ.சி.யுடன் சின்னக் கார் மணிக்கு 0.8 லிட்டர் குடிக்கும் கணக்கில், இன்னும் 0.4 லிட்டர். மொத்தம் 1.07 லிட்டர், மைலேஜ் 9.4. இதில் ஒவ்வொரு முறை நின்று புறப்படும் செலவு சேரவில்லை. 1,100 கிலோ எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 13 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். பிரேக் போட்டதும் அது முழுவதும் சூடாகி வீணாகிறது. முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் ஓட்டுநருக்கும், கடைசி நொடிவரை விரட்டிச் சென்று பிரேக் போடுபவருக்கும் ஒரே காரில் இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் வருவதை என் வீட்டிலேயே பார்க்கிறேன்.

சென்னைக்குப் போகும்போது நல்ல மைலேஜ் வருகிறது, திரும்பும்போது குறைகிறது. ஏன்?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரிவரை சாலை நன்றாக இறங்குகிறது. பிறகு கடற்கரைவரை மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. காரை அந்த 900 மீட்டர் தூக்குவதற்கு, எஞ்சினின் இழப்புகளையும் சேர்த்தால், ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். 350 கிலோமீட்டருக்குச் சமதளத்தில் 19.4 லிட்டர் ஆகும் கார், இறங்கும்போது 18.4 லிட்டரிலும் ஏறும்போது 20.4 லிட்டரிலும் முடிக்கும் என்று வைத்தால், போகும்போது 19.0, வரும்போது 17.2. கார் அதே கார்தான். ஆகவே சென்னையில் நிரப்பிக் கணக்கை முடிக்காதீர்கள். போய்த் திரும்பி, புறப்பட்ட பங்கிலேயே நிரப்பி முடியுங்கள். 80-இல் போவதற்கும் 100-இல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபடும் என்பதால், இரு முறையும் ஒரே வேகத்தில் ஓட்டியிருக்க வேண்டும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபிறகு மைலேஜ் குறைந்தது என்பது உண்மையா?

உண்மை, ஆனால் சிலர் சொல்லும் அளவுக்கு அன்று. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், தூய பெட்ரோலைவிட ஏழு சதவீதம் அளவுக்கு ஆற்றல் குறையும். முன்பு கிடைத்த பத்து சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், எத்தனாலுக்கென வடிவமைக்காமல் பத்து சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம்வரை குறையலாம் என்று சொல்கிறது. 15 கொடுத்த கார் 14 கொடுத்தால் இதைக் காரணமாகச் சொல்லலாம். 11 கொடுத்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், உரசிக்கொண்டே இருக்கும் பிரேக், ஸ்பார்க் பிளக் என்று காருக்குள் தேட வேண்டும்.

35 லிட்டர் டேங்கில் 37 லிட்டர் பிடித்தது. பங்கில் ஏமாற்றுகிறார்களா?

இதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. நிறுவனம் சொல்லும் கொள்ளளவுக்கு மேல், ஆவிக்காக விடப்பட்ட வெற்றிடமும் வாய்க்குழாயும் இருக்கின்றன. கட் ஆன பிறகும் ஊற்றினால் அவையும் நிறையும். ஐயம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுகலனில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அதில் 25 மில்லிலிட்டருக்கு மேல் குறையக் கூடாது. ஒரு குறிப்பிட்ட பங்கில் நிரப்பும்போது மட்டும் நோட்டுக் கணக்கு தொடர்ந்து இறங்கினால், அந்தச் சோதனையைத் தயங்காமல் கேளுங்கள்.

காலையில் போட்டால் அதிகம் கிடைக்குமா?

பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும் என்பது சரி. ஆனால் பங்கின் தொட்டிகள் தரைக்கு அடியில் இருப்பதால், காலைக்கும் மதியத்துக்கும் அவற்றின் வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை. உங்களுக்கு வசதியான நேரத்தில் போடுங்கள்.

சி.என்.ஜி. காருக்கும் இதே முறைதானா?

முறை அதேதான், ஆனால் லிட்டருக்குப் பதிலாகக் கிலோ. மீட்டர் காட்டுவது சிலிண்டரின் அழுத்தத்தை. விரைவாக நிரப்பும்போது வாயு சூடாகி அழுத்தம் கூடுவதால் முழுதாகக் காட்டிவிட்டு, ஆறியதும் ஒரு விளக்கு குறையும். நிரப்பும் நிலையத்தில் அன்று இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தும் பிடிக்கும் கிலோ மாறும் என்பதால், பெட்ரோலைவிட அதிக முறை நிரப்பிச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். ஓட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்தில் இவற்றில் எதைச் சோதிக்கலாம்?

மைலேஜைச் சோதிக்க முடியாது. அதற்கு அரை மணி நேரம் போதாது. முள்ளைச் சோதிக்கலாம். எஞ்சினை இயக்காமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், பல கார்களில் பெட்ரோல் விளக்கும் ஒருமுறை எரிந்து அணையும். அணையாமல் இருந்தாலோ, எரியவே இல்லை என்றாலோ காரணம் கேளுங்கள். பிறகு அருகிலுள்ள பங்கில் உங்கள் செலவிலேயே 10 லிட்டர் போடுங்கள். முள் பாதிக்குக் கீழே இருந்து, 10 லிட்டருக்குப் பின்னும் சில நிமிடங்களில் மேலே வரவில்லை என்றால், டேங்கைத் திறக்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.